ஹவ் ஆர் யூ என்றால்

1957 மே 20, திங்கள்
தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு இன்று புதுத் துரைசானி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "ஹவ் ஆர் யூ?" என்றார். எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறார் - எனக்கு விளங்கிவிட்டது! பல்வலி, இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கூட வந்த கண்டாக்கையா, தோட்ட வேலையை மேற்பார்ப்பவர், சிரித்தார். என்ன தப்பு செய்தேன்? கூரை ஒழுகுவதைச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. கண்டாக்கையாவிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. கொழுந்தெடுக்கும் காளியாயியின் கைப்பிள்ளை நனைந்து நனைந்து இருமுகிறது; அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலை ஏறுகிறாள்.

மே 21
தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் டோரீன், என் சிநேகிதி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அது கேள்வி இல்லடி, வணக்கம் மாதிரி. 'ஃபைன், தேங்க் யூ'ன்னு சொல்லிட்டு 'அண்ட் யூ?'ன்னு கேட்டுடணும்." 'ஹவ் டூ யூ டூ' என்றால் அதையே திருப்பிச் சொல்லவேண்டுமாம். பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேட்பது? பிறகு யோசித்தேன். வழியில் பார்ப்பவர்களை எல்லாம் "சாப்பிட்டாச்சா" என்கிறோமே, சோறா போடுகிறோம்? பிடிபட்டுவிட்டது!

மே 23
ஃபைன், தேங்க் யூ. அண்ட் யூ? தொட்டில் தொட்டிலாய்ச் சொல்லிப் பார்த்தேன்.

மே 27, திங்கள்
மழையோடு துரைசானி வந்தார்.
"ஹவ் ஆர் யூ, வீரம்மா?"
"ஃபைன், தேங்க் யூ, மேடம். அண்ட் யூ?"
முகம் மலர்ந்தது. தானும் நலம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதானா? வாய் தானாய்த் திறந்தது.
"மேடம், ஐ ஆம் ஃபைன். சில்ரன் நாட் ஃபைன்."
நான் நல்லாயிருக்கேன், பிள்ளைகள் இல்லை - இவ்வளவுதான் சொன்னேன். நின்றார். உள்ளே வந்து தொட்டிலைத் தொட்டு, ஈரமான கையைப் பார்த்தார். காளியாயியின் பிள்ளை இருமியது. கண்டாக்கையாவிடம் வேகமாய் ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு "எஸ் மேடம், எஸ் மேடம்" என்றார்.
போகும்போது கண்டாக்கையா என்னைப் பார்த்த பார்வை! வேலை போயிடுமோ? போனாப் போகட்டும். சொல்லிட்டேன். நானே சொல்லிட்டேன்!

மே 30
ஆசாரிமார் இரண்டு பேர், லொறி நிறையப் புதுத் தகரம். கண்டாக்கையா என்னோடு பேசவில்லை.

ஜூன் 8
காலையிலிருந்து அடைமழை. உள்ளே ஒரு சொட்டு இல்லை. காளியாயி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள், கூடையை மாட்டினாள், திரும்பிப் பார்க்காமல் மலை ஏறினாள்.