பொது வேதியியல் மாலை வகுப்புக்கு இன்னும் ஒருவர்

அனுப்புநர்
ஜோவெலின் டும்லாவ்,
மாணவி, அறிவியல் பிரிவு,
வால்நட் தெரு,
அல்மெந்திரோ, கலிஃபோர்னியா.

பெறுநர்
முனைவர் கரோல் மச்சாடோ அவர்கள்,
அறிவியல் புலத் தலைவர்,
அல்மெந்திரோ சமுதாயக் கல்லூரி.

பொருள்: பொது வேதியியல் மாலை வகுப்பை ரத்து செய்ய வேண்டாம் எனவும், அதில் சேர முன்வந்து கணினியால் நிராகரிக்கப்பட்ட ஒருவருக்கு அனுமதி வழங்குமாறும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வந்த மின்னஞ்சல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இது புகார் மனுதான். ஆனால் இந்த வாரம் நடந்ததை நினைத்தால் எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வருகிறது. நடை எங்காவது துள்ளினால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. நான் பகலில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில் தங்கள் கல்லூரியில் படிக்கிறேன். இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறி, பட்டம் முடித்து, மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது என் திட்டம். டாக்டராக விரும்புவோருக்கென்று இங்கே தனிப் பாடப்பிரிவு கிடையாது, வேண்டிய பாடங்களை நாமே பொறுக்கி வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. யோசனை சொல்ல எங்கள் வீட்டில் ஆளுக்கா பஞ்சம்? அம்மா நர்ஸ். அம்மாவின் தங்கை நோர்மா சித்தி நர்ஸ். சித்தப்பாவும் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், அங்கேயே ஒரு வார்டு நடத்திவிடலாம்.

2. சென்ற ஆண்டு பாடப் பட்டியலில் இரண்டு வேதியியல் இருந்தன. ஒன்றின் பெயர் ‘பொது வேதியியல்’. மற்றதன் பெயர் ‘உடல்நல வேதியியல்’. அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “ஜெனரல்னா போறவன் வர்றவன் எல்லாருக்கும். ஹெல்த்னா நமக்கு. இதுல யோசிக்க என்னடி இருக்கு?” என்றார். சித்தியும், “நாங்க எல்லாரும் அதைத்தான் படிச்சோம், கண்ண மூடிட்டுச் சேரு” என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டே சேர்ந்தேன். முதல் தர மதிப்பெண் வாங்கினேன். அதற்காக அம்மா பெரிய சட்டி நிறைய எங்கள் பிலிப்பைன்ஸ் பன்சித் நூடுல்ஸ் செய்து, ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ப் பரிமாறினார்.

அதன் பிறகுதான் கல்லூரி ஆலோசகர் திரு. ஓக்லி அவர்களைப் பார்த்தேன். அவர் என் மதிப்பெண்ணை ரசித்துப் பார்த்துவிட்டு, “அருமையா பண்ணியிருக்கம்மா. ஆனா இது நர்சிங் போறவங்க படிக்கிறது. டாக்டருக்குப் போறவங்க ஜெனரல்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்” என்றார். மாலையில் பொது வேதியியல் ஆகஸ்டில் மட்டுமே தொடங்கும். எனவே எனக்கு ஓர் ஆண்டு போயிற்று. அம்மாவுக்குச் சில நாட்கள் தாங்க முடியாத கோபம். என்மேல் இல்லை, தன்மேலேயே. அது எனக்குக் கூடுதலாக வலித்தது.

3. திரு. ஓக்லி அவர்களோடு உட்கார்ந்து புதிதாகத் திட்டம் போட்டேன். பொது வேதியியல் இரண்டு பருவம். அது முடிந்தால்தான் கரிம வேதியியல் இரண்டு பருவம். ஒன்று முடியாமல் அடுத்ததன் கதவு திறக்காது. உயிரியலையும் கணிதத்தையும் இயற்பியலையும் இடையிடையே நுழைத்தோம். வண்ணப் பேனாவால் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பால் எடுக்கப் போய், பாலை மறந்து, அதையே படித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அந்தக் கட்டங்களில் என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எனக்கு அது தெரிந்தது.

4. இந்த நிலையில்தான் தங்கள் மின்னஞ்சல் வந்தது. மாலை வகுப்பில் போதிய ஆட்கள் சேரவில்லை, திங்கட்கிழமைக்குள் குறைந்தபட்ச எண்ணிக்கை வராவிட்டால் வகுப்பு ரத்து என்று அதில் இருந்தது. காலை வகுப்பில் நான் சேர முடியாது. அந்த நேரத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பேன். வகுப்பு போனால் வரிசை முழுவதும் இன்னோர் ஆண்டு தள்ளும். பல்கலைக்கழகமும் தள்ளும்.

என் புகார் இதுதான்: பொது வேதியியலுக்கு ஆள் இல்லை என்று தங்கள் அலுவலகம் சொல்லும் அதே வாரத்தில், உடல்நல வேதியியலுக்குக் காத்திருப்போர் கூட்டம் நடைபாதையில் நின்று வழிகிறது. அவர்கள் யார், எங்கே போக நினைக்கிறார்கள் என்று கல்லூரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே நான் கேட்டேன்.

5. புதன்கிழமை அறிமுக நாளன்று ஆய்வகக் கட்டடத்தின் நடைபாதையில் நின்றேன். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை; அதற்கு வருந்துகிறேன், ஆனால் அதிகமாக அல்ல. வரிசையில் முதலில் நின்றவர் ஹெக்டர் கின்டானா, பால் பண்ணையில் வேலை பார்ப்பவர். நர்சிங்கா என்று கேட்டேன். “நர்ஸா? நான் மாட்டு டாக்டருக்குப் போறேங்க. மாட்டுக்கும் ஹெல்த் இருக்குல்ல?” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற மாய் யெர் பல் மருத்துவராக வேண்டுமாம். “எங்கக்கா ஹெல்த்துன்னு பாத்தா சேந்துடுன்னு சொன்னா. ஏன், தப்பா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மையீர், எனக்கு நடந்ததே மறுபடி என் கண்முன் வரிசை கட்டி நின்றது. எல்லோர் வீட்டிலும் ஓர் அம்மாவோ அக்காவோ அந்த ஒரு சொல்லைப் பார்த்துக் கைகாட்டியிருக்கிறார்கள். நான் திரு. ஓக்லி அவர்களை அவர் அறையிலிருந்து கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் நடைபாதையிலேயே நின்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார். நர்சிங்குக்குப் போகிறவர்கள் வரிசையில் முன்னேறிச் சந்தோஷப்பட்டார்கள். மற்றவர்கள் கைபேசியை எடுத்து அங்கேயே பொது வேதியியலுக்கு மாறினார்கள். ஹெக்டர் மாறியதும் நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

6. அன்று மாலை பார்த்தபோது குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஒரே ஒருவர் குறைவு. தெரிந்தவர், தெரியாதவர், மளிகைக்கடைக் காசாளர் உட்பட எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் லும்பியா சுருள்கள் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, “ஒரு ஆளுதானே? என் பேரப் போடு” என்றார். விளையாடாதே அம்மா என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். “தப்பான க்ளாஸுக்கு உன்ன அனுப்பினது நான்தானே? சரியான க்ளாஸுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் பொரித்த லும்பியா ஆறுகிறதென்று என்னைத் திட்டினார்.

7. அவர் பெயரைப் பதிவு செய்தபோது கணினி நிராகரித்துவிட்டது. இவ்வகுப்புக்கு முன்பு இயற்கணிதம் படித்திருக்க வேண்டும். அம்மா அதைப் படித்தது பிலிப்பைன்ஸில், லவாக் நகரில். அந்தக் கல்லூரியைத் தங்கள் கணினி அறியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மருந்தளவைக் கணக்கிட்டுச் செலுத்திவரும் ஒருவருக்குக் கணக்குத் தெரியுமா என்று கணினி சந்தேகிக்கலாம்; தாங்கள் சந்தேகிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் கையொப்பம் ஒன்று போதும், கணினி வழிவிடும்.

இது எண்ணிக்கைக்காகச் செய்யும் தந்திரமோ, வகுப்பு தொடங்கியதும் விலகிவிடுவாரோ என்று தாங்கள் நினைக்கக்கூடும். அம்மா இன்று காலையிலேயே இரவுப் பணியைப் பகலுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டார். கையோடு ஆய்வகப் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் வெங்காயம் நறுக்குகிறார். என் பழைய பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போடுகிறார். இப்போது என் கவலை அவர் விலகுவார் என்பதல்ல, என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கிவிடுவார் என்பதே.

ஆகவே தங்களைப் பணிவுடன் வேண்டுவது:

அ) திருமதி எர்லிண்டா டும்லாவ் அவர்களுக்குத் திங்கட்கிழமைக்குள் சிறப்பு அனுமதி அளித்து, மாலை வகுப்பைக் காப்பாற்ற வேண்டும்.

ஆ) ‘உடல்நல வேதியியல்’ என்ற பெயருக்குக் கீழே, “நர்சிங் செல்வோருக்கு மட்டும்; மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் ஆக விரும்புவோர் பொது வேதியியலில் சேரவும்” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஓர் ஆண்டு மிஞ்சியிருக்கும்.

இ) ஆய்வகத்தில் எங்கள் இருவரையும் ஒரே மேசையில் போடாதிருக்க வேண்டும். காரணம் தங்களுக்கே தெரிந்திருக்கும்.

அம்மாவின் பட்டச் சான்றிதழைத் திங்கள் காலை நேரில் கொண்டுவருகிறோம். சுவரில் மாட்டியிருந்த சட்டத்திலிருந்து கழற்ற வரவில்லை, கண்ணாடியோடுதான் வரும். தங்கள் மேசையில் சற்று இடம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: அல்மெந்திரோ
நாள்: 9 ஆகஸ்ட் 2024

தங்கள் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஜோவெலின் டும்லாவ்,
மாணவி.

(ஒப்பம்)
எர்லிண்டா டும்லாவ்,
மாணவி, தங்கள் அனுமதிக்கு உட்பட்டு.