காரூ ரயில் கிராமத்தில் மணி அடிப்பவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நெடுங்காலம் கடிதம் எழுதாமல் இருந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன், நான் நலம்.

சனிக்கிழமை சூரிய மின்நிலையத்தில் விடுமுறை. காரூ என்ற வறண்ட வெளியில் இருக்கும் பழைய ரயில் கிராமத்துக்குப் போனேன். நடைமேடையில் பழங்காலச் சீருடை போட்ட கிழவர் ஒருவர் சுற்றுலாப் பயணிகளுக்காக மணி அடித்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா, தண்டவாளத்த இப்படி மொறைக்கிற? ரயில் போயாச்சு. கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி இனி நாளைக்குத்தான் வருவா!”

சிரித்துக்கொண்டே அவர் சட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். டாவிட் பிளாய்கீஸ். ரயில் கவிழ்ந்து இறந்ததாக நீங்கள் சொன்ன அப்பாவின் பெயர். என் பட்டமளிப்பு விழாவில் அவருக்கென்று ஒரு நாற்காலியைக் காலியாக வைத்து அழுதீர்களே!

பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன்.

“ரெண்டு பசங்க. காய்ச்சல்ல போயிட்டாங்க. பொதச்சாச்சு, வராதேன்னு பொண்டாட்டி எழுதிட்டா.”

தொப்பிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் கையெழுத்து. மூத்தவன் ஆப்ராம் என்று என் பெயரும், அடுத்துத் தம்பியின் பெயரும் இருந்தன. அந்த ஆப்ராம் நான்தான் என்றேன்.

“செத்த புள்ளய வெச்சு வெளையாடாதப்பா!” என்று தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

என் அடையாள அட்டையில் இருப்பது நீங்கள் மாற்றிவிட்ட குடும்பப் பெயர். அவரை நம்பவைக்க அப்பா பெயர் உள்ள என் ஞானஸ்நானச் சான்றிதழை உடனே அனுப்புங்கள். கம்பளிப் போர்வையையும் அனுப்புங்கள். அறையில் தனியாகக் கிடக்கிறேன், குளிர் தாங்கவில்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. கையெழுத்துப் போடாமலே இதை அனுப்புகிறேன். ஆப்ராமைத்தான் புதைத்துவிட்டீர்களே.