ஆறு கோட்டு ராஸை விட்டது யார்

மகளே,

ராஸ் என்ற புதுக் கடல்மீனைத் தொட்டியில் விட்டபோது நானும் உன் அம்மாவும் தம்பியும் மீன்கடைக்காரரும் இருந்தோம்.

"ஐயா, இந்த ஆறு கோடு போட்டது பொல்லாதது. சாதுவான ராஸோட சேராது," என்றார் கடைக்காரர்.

"நம்ம வீட்டுக்கு வந்தா எல்லாம் அடங்கிடும்," என்றேன்.

அவர் போனதிலிருந்து அது உன் சிவப்பு ராஸைத் துரத்துகிறது. உன் மீன் பவளத்துக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. துள்ளி வெளியே விழுந்து செத்துவிடுமோ என்று தொட்டியின் வாயில் வலை போட்டு மூடியிருக்கிறேன். புதியதைப் பிடிக்க எனக்குப் பயம். இதை யாரிடமும் சொல்லாதே.

கடைக்காரர் போனை எடுக்கவில்லை. கூட்டிவரப் போகிறேன். அதுவரை மேல்வலையைத் திறக்காதே. சாப்பாடு மேசையில் இருக்கிறது.

நேற்று உன்னைத் திட்டியதற்கு ஈடாகத்தான் வாங்கினேன்.

பி.கு.: இது அம்மா தேர்ந்தெடுத்த மீன் என்று தம்பி சொல்லித் திரிகிறான். இல்லை. நான்தான்.

அப்பா