திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள்

ஜனவரி 9, வியாழன்

குளிர் இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று வானொலியில் மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். வாசலுக்குப் போனால் மூக்குக்குள் முடி உறைகிறது. இதற்கு என்ன கொண்டாட்டமோ.

வலைப்பூவை இதுவரை ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள். கெல்சியிடம் ஃபோனில் பெருமையாகச் சொன்னேன். "அத்தே, நீங்க திறந்து பாக்குறதையும் அது கணக்குல எடுத்துக்கும்" என்றாள். அப்படியானால் ஒரே ஒருவர். அதுவும் அவளாகத்தான் இருக்கும்.

கெல்சி என் தம்பி மகள். கிறிஸ்துமஸுக்கு சியாட்டிலிலிருந்து வந்தவள், "சும்மா உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிடும், எழுதுங்க" என்று அந்த வலைப்பூவை ஆரம்பித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நானும் வெர்னாவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா விட்டுப்போன இந்த வீட்டிலேயே அக்காவும் தங்கையுமாக எங்களுக்கு வயதாகிவிட்டது. நவம்பரில் அக்கா முந்திக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் இன்னும் பதினொரு பாத்திரங்கள். சாவு வீட்டில் யாரும் சமைக்க வேண்டாமென்று ஊரே ஹாட்டிஷ் கொண்டுவந்து இறக்கியது. கறி, உருளைக்கிழங்கு, டப்பா சூப் எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி அடுப்பில் சுட்ட அதே சமாச்சாரம், பதினொரு வீட்டுக் கைப்பக்குவத்தில். தின்று தீர்த்தாயிற்று. கழுவியும் வைத்தாயிற்று. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுநாடாவில் அந்தந்த வீட்டுப் பெயர். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வெர்னா என்றால் ஒரே மத்தியானத்தில் முடித்திருப்பாள். ஊருக்குள் போகிறவள் அவள், வீட்டில் உட்கார்ந்து கதை கேட்கிறவள் நான். இந்தப் பாத்திரங்கள்கூட அவளுக்காக வந்தவைதான்.

ஜனவரி 12, ஞாயிறு

'பனிக்காலப் பறவைகள்' என்று எழுதிப் போட்டேன். ஒரு பின்னூட்டம் வந்தது. கூரை ஓடு விற்கிறவனின் விளம்பரம்.

ஜனவரி 17, வெள்ளி

பறவை யாரும் படிக்காமல் போயிற்று. 'தனியாக வாழ்பவர்களுக்குச் சில யோசனைகள்' போயிற்று. கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் என்ற திமிரில் 'மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது எப்படி' என்று எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது.

"எல்லாத்தையும் பத்தி எழுதுனா யாருக்கும் இல்லாம போயிடும் அத்தே. உங்களுக்குன்னு ஒரு சின்ன மூலையப் பிடிங்க. உங்கள விட்டா வேற யாராலயும் எழுத முடியாதது எதாவது இருக்கும்ல?" என்றாள் கெல்சி.

என்ன இருக்கிறது? தனியாக மேஜையில் உட்கார்ந்து சூப் குடிப்பது. அதை இந்த மினசோட்டாவிலேயே ஆயிரக்கணக்கான பேர் செய்கிறார்கள். என்னைவிட நன்றாகவும் செய்வார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

கர்டிஸ் வீட்டுக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஊருக்கு வெளியே தனியாகப் பண்ணை வைத்திருக்கும் கிழவர். காருக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்து என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். அவர் பாத்திரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது இல்லையே."

"உங்க பேரு ஒட்டியிருக்கே."

"பேரு என்னுதுதான். பாத்திரம் எங்க அண்ணியோடது. ஒரு தடவ எனக்கு ஒடம்பு சரியில்லன்னு கொண்டாந்தாங்க. நான் திருப்பிக் கொடுக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாங்க. அப்புறம் யார்கிட்ட கொடுக்கறது? என் பேர ஒட்டிக்கிட்டேன்."

இருவரும் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர், "பனி பெய்யும்போல" என்றார். "ஆமா" என்றேன். எங்கள் ஊரில் இதற்குமேல் யாரும் யாரிடமும் மனம்விட்டுப் பேசியதில்லை.

பாத்திரத்தை அவரிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். ஒரே மூச்சு. வெர்னாவிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான். அவள் எந்த இடத்தில் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 24, வெள்ளி

கர்டிஸ் பாத்திரத்தைப் பற்றிப் போட்டதற்கு இருநூறு பேர்! கெல்சி ஃபோனில் கத்துகிறாள். "இதான் அத்தே உங்க மூலை! மிச்சப் பாத்திரம் எத்தன இருக்கு?"

ஒரிகனில் யாரோ ஒரு அம்மாள், தன் அலமாரியிலும் யாருடையதோ ஒரு பாத்திரம் கிடக்கிறது, பார்க்கத் தைரியமில்லை என்று எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இப்போது எனக்கு ஒரு தொழில்முறையே வந்துவிட்டது. போகும்போது எதையும் யோசிக்கக் கூடாது. அங்கே குறிப்பு எடுக்கக் கூடாது. திரும்பி வந்ததும் கோட்டோடு உட்கார வேண்டும். கோட்டைக் கழற்றிக் காபி போட்டு நிதானமாக உட்கார்ந்தால் எழுத்து ஊசிப்போகிறது. எழுதியதை வெர்னாவின் நாற்காலியைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். நாக்கு தட்டுகிற இடம் எல்லாம் பொய்.

வாரத்துக்கு ஒரு பாத்திரத்துக்குமேல் கொடுப்பதில்லை. வாசகர்களுக்காக அல்ல, எனக்காக. கடைசிப் பாத்திரமும் போய்விட்டால் நான் யார் வீட்டுக் கதவைத் தட்ட என்ன சாக்கு இருக்கிறது? யாருக்கு என் கதவைத் தட்டக் காரணம் இருக்கிறது? வெர்னாவின் தங்கை என்பதைத் தவிர இந்த ஊரில் நான் யார்?

பிப்ரவரி 8, சனி

சனிக்கிழமை என்றால் லவான். அடுத்த தெருக்காரி, வெர்னாவின் சிநேகிதி. ஒரு கையில் டூனா மீன் ஹாட்டிஷ், வாய் நிறைய ஊர்க்கதை. போன வாரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரத்தியதை வைத்துவிட்டுப் போவாள். அதனால் அவள் பாத்திரம் மட்டும் மேஜையை விட்டு இறங்குவதே இல்லை. உப்பு என்றால் அப்படி ஒரு உப்பு. அவள் போனதும் ஒரு குடம் தண்ணீர் குடித்தேன்.

இன்று கோட்டே தேவைப்படவில்லை. அவள் கார் திரும்புவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். டூனா, பட்டாணி, உப்பு, அவள் மென்றுகொண்டே பேசுவது, எல்லாம் வந்தது. கடைசிப் பத்தி தானாக விழுந்தது: 'கணவர் டேல் அவளோடு பேசுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அந்த வீட்டில் டிவிதான் பேசும். அதனால்தான் டூனா என் வீட்டுக்கு வருகிறது.'

நாற்காலியைப் பார்த்துப் படித்தேன். ஒரு இடத்திலும் நாக்கு தட்டவில்லை. இதுவரை எழுதியதில் இதுதான் சிறந்தது. போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

பதினோராயிரம் பேர். பதினோராயிரம்! எங்கள் மாவட்டத்திலேயே அத்தனை பேர் கிடையாது. 'லவானுக்காக அழுதேன்' என்று டெக்சாஸிலிருந்து ஒருவர்.

பிப்ரவரி 13, வியாழன்

மளிகைக் கடையில் கல்லாப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் பையில் போட்டாள். பின்னால் நின்ற இருவர் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ?

பிப்ரவரி 15, சனி

லவான் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். உப்பைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். உப்பைப் பற்றி! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவள் சத்தம் போடவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"டேல் பேசமாட்டார்னு ஊருக்கே தெரியும் ஆர்லிஸ். ஊருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் வாயத் தொறந்து சொன்னதில்ல. அதனாலதான் நான் தல நிமிந்து கடைக்குப் போயிட்டு வந்தேன்."

நான் ஏதோ உளறினேன்.

"அவர் படிச்சாரு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. 'இதத்தான் போய் சொல்லிட்டு வர்றியா'ன்னு. நான் உன்கிட்ட என்னைக்குடி அவரப் பத்திச் சொன்னேன்?"

சொன்னதே இல்லை. ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. நானாகப் பார்த்தது. நானும் வெர்னாவும் இந்த அடுப்படியில் பேசிச் சிரித்தது. நாலு சுவருக்குள் அக்காவிடம் சொன்னதைப் பதினோராயிரம் பேரிடம் சொல்லிவிட்டேன். வெர்னா சிரித்திருப்பாள்தான். ஆனால் அதைப் போடவிட்டிருக்க மாட்டாள். நாற்காலி என்ன செய்யும், எல்லாவற்றுக்கும் சும்மா இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

பாத்திரக்காரர்கள் தாங்களாகவே வந்து வாங்கிப்போகிறார்கள். நேற்று இரண்டு பேர், இன்று மூன்று. உள்ளே வரச் சொன்னால், "இல்ல, வண்டி ஓடிக்கிட்டிருக்கு" என்கிறார்கள். வாசலிலேயே நின்று, நல்ல வார்த்தையாகத் தேர்ந்தெடுத்துப் பேசி, பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு பெண்மணி மட்டும் சிரித்தபடி கேட்டாள்: "நான் வந்தத எழுதிடமாட்டீங்களே?"

பிப்ரவரி 20, வியாழன்

மேஜை காலி. லவானுடையது ஒன்றுதான் நிற்கிறது.

பிப்ரவரி 22, சனி

கெல்சி: "லவான் பத்தி எழுதுனத எடுத்துடாதீங்க அத்தே. ஒரு பெரிய இணைய இதழ் அத மறுபடி போடணும்னு கேக்குது. ஒருத்தங்க கோச்சுக்கிட்டாங்கன்னு எழுதறத நிறுத்துனா யாருமே எழுத முடியாது."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைவிட, எனக்கே எடுக்க மனமில்லை. இதை இந்த நாட்குறிப்பிலாவது ஒப்புக்கொள்கிறேன். அறுபத்து ஆறு வயதில் முதல்முறையாக என்னை நாலு பேர் தேடுகிறார்கள். வெர்னாவின் தங்கை என்று தெரியாமலே தேடுகிறார்கள். காலையில் எழுந்ததும் எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணைப் பார்க்கிறேன், இதமாக இருக்கிறது. மத்தியானம் அதே நான் லவானுக்காக ஜன்னலில் நிற்கிறேன்.

இன்றும் வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

எடுத்துவிட்டேன். இதழுக்கும் முடியாது என்று எழுதிவிட்டேன். கெல்சி பெருமூச்சு விட்டாள். "நீங்க எடுத்தாலும் எவனாவது காப்பி பண்ணி வெச்சிருப்பான். நெட்ல போனது போனதுதான்." கொட்டிய பாலை யார் அள்ளுவது.

லவான் வீட்டுக்குப் பாத்திரத்தோடு போனேன். டேல் கதவைத் திறந்தார். பின்னால் டிவி. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "பாதையில வழுக்கும். பாத்துப் போங்க" என்றார். எனக்கு அவர்மேல்கூடக் கோபப்பட முடியவில்லை. காரில் உட்கார்ந்து அழுதேன், ஜன்னலில் ஆவி படிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

கர்டிஸ் ஃபோன் செய்தார். தன்னைப் பற்றி இன்னொன்று எழுதக் கூடாதா என்று. புதுசாக டிராக்டர் வாங்கியிருக்கிறாராம்.

மார்ச் 15, சனி

யாரைப் பற்றியும் எழுதப் பிடிக்கவில்லை. என்னைப் பற்றி எழுதலாமென்று உட்கார்ந்தேன், நாக்கு வரிக்கு வரி தட்டியது. அழித்து அழித்து எழுதினேன். சாயங்காலம்தான் பிடிபட்டது. சனிக்கிழமைகளைப் பற்றி. லவான் போக்கிடமில்லாமல் இங்கே வருகிறாள் என்று எழுதினேனே, அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி நான். வெள்ளிக்கிழமையே கேக் வாங்கி வைப்பேன். அவளிடம் கேட்க நாலு கேள்வி தயார் செய்வேன், அப்போதுதான் சீக்கிரம் எழுந்து போகமாட்டாள். ஒன்றரை மணிக்கே ஜன்னலில் போய் நின்றுகொள்வேன். அந்த உப்பைத் தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்று தீர்ப்பேன், பாத்திரம் காலியாக இருந்தால்தானே அடுத்தது வரும்.

வலைப்பூவில் போடவில்லை. தாளில் அச்சடித்து, 'உனக்குச் சரி என்றால் போடுகிறேன். வேண்டாம் என்றால் இல்லை' என்று அடியில் எழுதி, அவள் தபால் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

பதில் இல்லை.

மார்ச் 29, சனி

இல்லை. வலைப்பூவுக்கு நேற்று வந்தவர்கள் ஒன்பது பேர். கெல்சி இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை, சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிறாள். பனி உருகி வாசலெல்லாம் சேறு. பேச ஆளில்லாமல் நேற்று வானொலிக்குப் பதில் சொன்னேன்.

ஏப்ரல் 5, சனி

இரண்டு மணிக்குக் கார் சத்தம். நான் ஜன்னலில் இல்லை, அடுப்படியில் இருந்தேன். லவான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, காலணியைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தாள். மடித்து மடித்துப் பிய்ந்திருந்தது.

"இதுல ஒரு தப்பு இருக்கு. ஒன்றரைன்னு எழுதியிருக்க. நான் ஒரு நாளும் ரெண்டு மணிக்கு முன்னாடி வந்ததில்ல."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஒன்றரைக்கே போய் நின்ன?"

"வந்துடுவியோன்னு."

பிறகு தாளை மறுபடி மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதப் போடாத. இது எனக்கு எழுதுனது. வேற எதயாச்சும் எழுதிப் போடு, கர்டிஸ் டிராக்டரப் பத்தி எழுது, அந்த ஆளு ஊர்பூரா சொல்லிக்கிட்டுத் திரியறாரு." குரல் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. "உன்ன நான் முழுசா மன்னிக்கல. தெரிஞ்சுக்கோ."

"சரி."

"கேக் இல்லையா?"

இல்லை. வாங்கவில்லை. ரொட்டியும் வெண்ணெயும் வைத்தேன், தின்றாள். காபி இரண்டு தடவை போட்டேன். கேள்வி எதுவும் தயார் செய்து வைக்காததால் முதலில் தடுமாறினேன், அப்புறம் எப்படியோ இருட்டும்வரை ஓடிவிட்டது. டேல் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் கிளம்பும்போதுதான் கவனித்தேன். இன்று அவள் எதுவும் கொண்டுவரவில்லை. எடுத்துப் போகவும் எதுவும் இல்லை. வாசலில் காலணியை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு நின்றவள், "அடுத்த சனிக்கிழம" என்றாள்.