இல்லாத வண்டிக்குச் சாத்திய கேட்

பிள்ளைங்க அப்பாவுக்கு,

நாங்க சுகம். நீங்க கோபித்துக்கொண்டு கிள்ளான் வண்டியேறிக் கேரி தீவுக்குப் போனதிலிருந்து உங்க ரயில் கேட்டை நான்தான் பார்க்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் என்று துரையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி எழுதப்போவதில்லை.

இன்று மத்தியானம் பங்சார் காட்டுப் பக்கம் புஸ், புஸ் என்று கிள்ளான் வண்டி வரும் சத்தம். ஓடிப்போய்க் கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சைக் கொடியைத் தூக்கினேன். இரண்டு பக்கமும் மாட்டு வண்டிகள் நின்றுவிட்டன. ஆனால் ரயில் வரவில்லை. மரங்களுக்கு மேலே இரண்டு பறவைகள் வந்தன! ஆள் நீளத்துக்கு இறக்கை, மஞ்சள் அலகுக்கு மேலே ஒரு கொம்பு. அந்த இறக்கைச் சத்தம்தான் எனக்கு ரயிலாகக் கேட்டிருக்கிறது. “எங்காங்” என்று அதன் பேரைச் சொன்னார் ஒரு மலாய்க்காரர். தலைக்கு மேலே அவை போனபோது கொடியை இறக்கக்கூடத் தோன்றவில்லை. திட்ட வாயெடுத்த வண்டிக்காரர் அண்ணாந்தபடியே நின்றுவிட்டார். அவை கண்ணுக்கு மறைகிறவரை யாரும் கேட்டைத் திறக்கச் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்த வண்டிக்காரர் கேட்டார்: “ஏம்மா, இந்த நேரத்துக்குக் கிள்ளான்லேருந்து ஏது வண்டி?”

அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பக்கம் என்ன சத்தம் கேட்டாலும் நான் கேட்டுக்கு ஓடி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்க கேட்டடியில் இருப்பவள்