நான்கு புள்ளி சைபர் மூன்று

செப்டம்பர் 4

விசையியல் ஒருவழியாக முடிந்து இன்று மின்னியல் தொடங்கியது. சாய்தளத்தில் வழுக்கும் கட்டைக்கு அழகாக அம்புக்குறி போடுகிற இதே பிள்ளைகள், இரண்டு பேட்டரி உள்ள சுற்றைப் பலகையில் வரைந்ததும் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "மாடிப்படி ஏறி இறங்கிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துட்டா, மொத்தம் எவ்வளவு உயரம் ஏறினே?" என்று கேட்டேன். சைபர் என்றார்கள். மின்னழுத்தமும் அப்படித்தான், சுற்றி வந்தால் கூட்டல் கழித்தல் எல்லாம் சேர்ந்து சைபர் என்றேன். பாதிப் பேருக்கு விளங்கியது. மீதிப் பாதி நாளைக்கு.

மூன்றாவது பெஞ்சில் தசமம் கை தூக்கினாள். வகுப்பு வைத்த பெயர் அது. ஐந்து என்று சொல்ல மாட்டாள், ஐந்து புள்ளி சைபர் என்பாள். "பேட்டரிக்கு உள்ளேயும் மின்தடை இருக்குன்னு சொன்னீங்க டீச்சர். புத்தகத்துல அதைக் கருத வேண்டாம்னு போட்டிருக்கு. இருக்கிறதை எப்படி டீச்சர் இல்லைன்னு கருதறது?"

"பரீட்சைக்காகக் கருதும்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும்தான். நல்ல கேள்வி. உட்கார வைத்திருக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 7

செய்முறை வகுப்பு. எங்களிடம் மீட்டர் பிரிட்ஜ் ஒன்றுதான். இருபத்தெட்டுப் பேரும் முறை வைத்து, தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் சாவியை உருவி வேண்டிய ஓமை எடுத்துக்கொள்ளும் மின்தடைப் பெட்டி, மறுபக்கம் மதிப்பு தெரியாத கம்பிச் சுருள், நடுவில் ஒரு மீட்டர் கம்பி. கம்பியில் எங்கே தொட்டால் முள் அசையாமல் நிற்கிறதோ, அந்த நீளத்தை வைத்துச் சுருளின் மின்தடையைக் கண்டுபிடிப்பது.

"தெரியாத" சுருள் என்பது பேச்சுக்குத்தான். அது ஐந்து ஓம் என்பது போன வருடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்கு முந்தைய வருடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் இட்டு நிரப்புவார்கள். அதற்குப் பெயர் அட்ஜஸ்ட். நான் மட்டும் என்ன, கல்லூரியில் யோக்கியமா? எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். விடை பக்கத்தில் வந்தால் அதற்கு உண்டான முழு மதிப்பெண். இருபது வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

ஆய்வக உதவியாளர் அண்ணன் இரண்டு வாரம் விடுப்பு. பொருள்களை நானே அலமாரியிலிருந்து எடுத்து வைத்தேன். இடுப்பு வலி.

செப்டம்பர் 14

ரெக்கார்டு நோட்டுகள் திருத்தினேன். இருபத்தேழு பேருக்கு 5.0. ஒருத்திக்கு மட்டும் இல்லை. யார் என்று சொல்லவா வேண்டும்.

பெட்டியில் இரண்டு, மூன்று, நான்கு ஓம் எடுத்தபோது விடை ஐந்தை ஒட்டி வந்திருக்கிறது. ஐந்து ஓம் எடுத்தபோது 4.03. ஐந்தும் ஒன்றும் சேர்த்து ஆறு எடுத்தபோது 4.17. அடியில் ஒரு குறிப்பு வேறு: "ஐந்து ஓம் சாவியை எடுக்கும்போது மட்டும் விடை குறைகிறது. பெட்டிக்குள் அந்தச் சாவிக்குரிய சுருளின் உண்மை மதிப்பு 6.2 ஆக இருக்கலாம். பெட்டியைச் சரிபார்க்க வேண்டும்."

வெயில், தலைவலி, இருபத்தெட்டாவது நோட்டு. எனக்கு எரிச்சல் வந்தது. அதை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். வகுப்பில் எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கிக் காட்டி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு. அவள் எழுந்து நின்றாள். "மூணு தடவை செஞ்சேன் டீச்சர்" என்றாள். "முப்பது தடவை தப்பாச் செஞ்சாலும் தப்பு தப்புதான்" என்றேன்.

இருபதுக்குப் பதினொன்று.

செப்டம்பர் 15

பட்டியல் தயார். பதினைந்துக்குக் கீழே போனவர்கள் உயர்நிலைப் பிரிவிலிருந்து பொதுப் பிரிவுக்கு மாற வேண்டும் என்பது பள்ளியின் விதி. இந்த முறை மாறுவது ஒரே ஒருத்தி.

பொதுப் பிரிவுக்குப் போனால் இயற்பியல் சிறப்புத்தாள் எழுத முடியாது. சிறப்புத்தாள் இல்லாமல் பொறியியல் கல்லூரி வாசலை மிதிக்க முடியாது. அவள் அதற்குத்தான் ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். கவனம் வேண்டாமா பின்னே? விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

செப்டம்பர் 19

தசமத்தின் அம்மா வந்திருந்தார். தையற்காரர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"கவனம் பத்தலைன்னு சொன்னீங்களாம் டீச்சர். வீட்டுல பட்டன் ஓட்டை எல்லாம் அவதான் போடுவா. ஒரு இழை தப்பினாலும் பிரிச்சுட்டு மறுபடி போடுவா. அதான் என்ன பண்ணினாள்னு கேட்டுட்டுப் போகலாம்னு."

"துணி வேற, இது வேறம்மா" என்றேன்.

"சரிங்க டீச்சர். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும். நான் அவளைக் கண்டிக்கிறேன்."

போகும்போது என் ரவிக்கையில் தோள் தையல் விட்டிருப்பதைப் பார்த்து, "குடுத்துவிடுங்க, அடிச்சுத் தர்றேன்" என்றார்.

செப்டம்பர் 20

எழுதித்தான் ஆக வேண்டும்.

அண்ணன் விடுப்பு முடிந்து வந்தார். மேசையில் இருந்த மின்தடைப் பெட்டியைப் பார்த்ததும், "இதையா டீச்சர் எடுத்தீங்க? இதை ஒதுக்கி வச்சிருந்தேனே" என்றார். ஏன் என்று கேட்டேன். "போன வருஷம் அஞ்சு ஓம் சுருள் கருகிப்போச்சு. கையில கிடைச்ச கம்பியைச் சுத்திப் போட்டேன். அளவு ஒத்துவரலை. உங்ககிட்ட சொன்னேனே."

எங்கே சொன்னீர்கள் என்று பாய்ந்தேன். அவர் இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். "5 ஓம் சுருள் பழுது. பயன்படுத்த வேண்டாம்." அதன் கீழே கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேனா, படித்துவிட்டு மறந்தேனா, அதுகூட ஞாபகம் இல்லை.

அவர் போன பிறகு நானே அளந்தேன். 6.2. அவள் எழுதியது அச்சு அசலாக அதேதான்.

அப்படியானால் இருபத்தெட்டுப் பேருக்கும் 4.03 வந்திருக்க வேண்டும். இருபத்தேழு பேர் 5.0 என்று எழுதினார்கள், நான் அவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது என்று அள்ளிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததை எழுதியவள் ஒருத்தி. அவளுக்குப் பதினொன்று. போதாததற்குப் பழமொழி வேறு. என் நாக்கில் சனி.

செப்டம்பர் 21

இன்று சொல்லவில்லை.

செப்டம்பர் 22

பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்குத் தேர்வு அலுவலகத்துக்குப் போய்விடும். காலையிலேயே கடிதம் எழுதிவிட்டேன்: "மதிப்பீட்டில் பிழை என்னுடையது. இம்மாணவிக்கு இருபது மதிப்பெண் வழங்குக." நாலு வரி. மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

தலைமையாசிரியை அறை வாசல் வரை இரண்டு முறை போனேன். முதல் முறை உள்ளே யாரோ இருந்தார்கள். இரண்டாம் முறை யாரும் இல்லை. வாசலில் நின்றபடி யோசித்தேன்: அவளுக்கு இருபது என்றால் மற்ற இருபத்தேழு பேருக்கு என்ன? பெற்றோர் வருவார்கள். இருபது வருடமாக இந்த டீச்சர் என்னதான் சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்பார்கள். பியூன் என்ன வேண்டும் என்று கேட்டார். சாக்பீஸ் வேண்டும் என்றேன். ஒரு டப்பா கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது.

செப்டம்பர் 23

சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் அளவு எடுப்பவர். வீடு வீடாகப் போய் எண்ணைக் குறிப்பதுதான் வேலை.

"வீடு பூட்டியிருந்தா நாங்க பூட்டியிருந்ததுன்னு எழுதணும். போன மாசத்தைப் பார்த்து யூகிச்சு எழுதினா அன்னைக்கே சஸ்பெண்ட். உங்க ஸ்கூல்ல அதுக்கு பத்தொன்பது மார்க்கா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் கொஞ்ச நேரத்தில் மனசு கேட்கவில்லை. "விடு. யானைக்கும் அடி சறுக்கும்."

"யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. இங்கே சறுக்கினது நான், விழுந்தது அவ."

"நேத்தே ஏன் குடுக்கலை?"

பயம். வேறென்ன? ஐம்பத்திரண்டு வயதில் பதினேழு வயதுப் பிள்ளையிடம் தோற்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

செப்டம்பர் 25

கடிதத்தைக் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்தார், தேதியைப் பார்த்தார். நான் வெள்ளிக்கிழமை தேதியைத்தான் போட்டிருந்தேன். மாற்றி எழுதத் தோன்றவில்லை.

"இதை அன்னைக்கே எழுதிட்டீங்களா டீச்சர்?"

"ஆமாம் மேடம்."

"சாயங்காலம் அஞ்சு வரைக்கும் நான் இங்கேதான் இருந்தேன்."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் எதிரிலேயே தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசினார். தேர்வு எண்கள் ஒதுக்கி முடிந்துவிட்டதாம். நேரில் வந்து கேட்டுப் பாருங்கள் என்றார்களாம்.

செப்டம்பர் 27

அரை நாள் விடுப்பு போட்டுத் தேர்வு அலுவலகம் போனேன். நாலு மேசை மாறினேன். கடைசி மேசை எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். பிழையின் வகை என்ற இடத்தில் இரண்டு கட்டம்: மாணவர் பிழை, எழுத்தர் பிழை.

"ஆசிரியர் பிழைன்னா எங்கே போடறது?"

"அது வராதுங்களே" என்றார், நல்ல மனுஷன், உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு. கடிதத்தை மேலே அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த மாதம் பதில் வரும்.

செப்டம்பர் 28

அவளைப் பொதுப் பிரிவு வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து, என் வகுப்பில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். சிரித்த இடத்திலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பெட்டியில்தான் குறை, அவள் எழுதியது சரி, அன்று நான் சொன்னது தவறு, மன்னிச்சுக்கோம்மா என்றேன். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்ததையும் சொன்னேன். வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன்.

பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ எங்க மார்க்கு டீச்சர்?" என்றான்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பரவாயில்லை டீச்சர். எனக்கு அங்கே கிளாஸ் ஆரம்பிச்சுடும்" என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலையில் தையற்கடைக்குப் போய் அம்மாவிடமும் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "நான் அன்னைக்கு அவளை அடிச்சுட்டேன் டீச்சர்" என்றார். பிறகு நூல் அறுந்துபோய்விட்டது, கோக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 12

பெட்டியின் ஐந்து ஓம் சுருளை மாற்றியாகிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த அந்தத் "தெரியாத" சுருளையும் ஒதுக்கிவிட்டு, வேறு வேறு நீளத்தில் கம்பி வெட்டி அண்ணனும் நானும் பத்துச் சுருள் செய்தோம். எதற்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியாது.

வகுப்பில் ஒரே ஒப்பாரி. "விடை தெரியாம எப்படி டீச்சர் அளக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

இரண்டு மணி நேரம் திணறினார்கள். அளவுகள் தாறுமாறு. ஆனால் எல்லாம் அவர்கள் பார்த்தது. இந்தக் கூத்தை ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால் தசமம் இந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்.

நவம்பர் 3

தேர்வு அலுவலகத்திலிருந்து பதில். இந்த ஆண்டு மாற்ற இயலாது.

நவம்பர் 6

பதிலை அவளிடம் காட்டினேன். சனிக்கிழமைகளில் வந்தால் சிறப்புத்தாள் பாடத்தை நான் தனியாக நடத்துகிறேன், அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதலாம் என்றேன். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

நவம்பர் 18

சனி. பன்னிரண்டு மணி வரை ஆய்வகத்தில் இருந்தேன். வரவில்லை. போன சனியும் வரவில்லை.

ஜனவரி 22

பொதுப் பிரிவுக்கு இளைய ஆசிரியர்தான் பாடம் எடுக்கிறார். ஆனால் அவர்களுடைய ரெக்கார்டு நோட்டுகளில் துறைத் தலைவராக நான் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இன்று கட்டு வந்தது. தனி ஊசல் சோதனை: நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரத்தை எடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவது.

எங்கள் நூல் இழுபடும், ஸ்டாப்வாட்ச் ஒட்டிக்கொள்ளும். என் பிள்ளைகளுக்குப் போன வாரம் 9.5 வந்தது, 10.1 வந்தது, ஒருவனுக்கு 8.9. வந்ததை வந்தபடியே எழுதிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினார்கள்.

அவளுடைய நோட்டைத் தேடி எடுத்துப் பிரித்தேன். அழகான கையெழுத்து, அடிக்கோடு எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. ஐந்து நீளங்கள். 9.80, 9.80, 9.80, 9.80, 9.80. அடியில் குறிப்பு எதுவும் இல்லை.

கூப்பிட்டு அனுப்பினேன். வந்து நின்றாள். பக்கத்தைக் காட்டி, "இது நிஜமாவே வந்ததாம்மா?" என்றேன்.

நோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுதானே டீச்சர் வரணும்?"

மரியாதையாகத்தான் கேட்டாள். குத்திக் காட்டவில்லை, ஒரு துளி கூட இல்லை. தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொண்டு வருகிறேன் என்றும் சொன்னாள். தப்பு ஒன்றுமில்லை, போ என்றேன்.

விதிப்படி இருபதுக்கு இருபது. போட்டேன்.