என் வயிற்றுக்குச் சரியாக இருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம். நீ சுகம் என்பதை, உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வீட்டில் எனக்குச் செய்தி வரும் வழி அதுதான். எல்லாம் பேசி முடித்த பிறகு, "அப்பா எப்படி இருக்கார்?" என்று நீ கேட்கிறாய். "இருக்கார்" என்கிறாள். இருக்கிறேன்.

நீ இன்டர்வியூவுக்குப் போகப்போவதில்லை என்று சொன்னதும் காதில் விழுந்தது. போனில் நான் பேசினால் நடுவிலேயே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்தச் சௌகரியம் உனக்குக் கிடையாது.

பஸ் பணிமனையில் மேலாளர் வேலை. கிரீஸிலும் புகையிலும் நின்று நீ காத்திருந்த நாற்காலி. அதை விடுவதற்குக் காரணம், போட்டுக்கொள்ள உடை இல்லையாம். கடைத்தெரு முழுக்க ஏறி இறங்கியும் கர்ப்பிணிக்கென்று இருப்பதெல்லாம் கூடாரமும் தலையணை உறையும்தானாம். மாப்பிள்ளையின் சட்டையைப் பொத்தான் தெறிக்கப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாயாம். அந்தக் கோலத்தில் ஐந்து பெரிய மனிதர்கள் முன்னால் நிற்க மாட்டாயாம்.

இதெல்லாம் சாக்கு என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீங்களே போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்" என்றாள். என்னைத் தெரிந்தும் அப்படிச் சொல்லலாமா? மறுநாளே அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நீ சொன்னதில் பாதி உண்மை. முழுக்க உண்மை என்று எழுத மாட்டேன்.

முதல் கடை பெரிய கடை. கர்ப்பிணிகளுக்கான பகுதி எங்கே என்றால் மேலே, கடைசி மாடியில், பயணப் பெட்டிகளுக்குப் பின்னால். லிஃப்ட் ஓடவில்லை. வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறவளுக்கு அங்கே மாட்டி வைத்திருப்பது மூன்றே நிறம்: மண் நிறம், காய்ந்த மண் நிறம், நனைந்த மண் நிறம். இன்னொன்றில் வயிற்றுப் பக்கம் பெரிய கரடி பொம்மை. பிறக்கப்போகிற குழந்தைக்குக் கரடி சரி, பெறப்போகிறவளுக்கு எதற்கம்மா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். இதுதான் சார் நன்றாகப் போகிறது என்றாள். வேறு எதுவும் வைக்காவிட்டால் கரடிதானே போகும் என்றேன். உன் அம்மா என்னை யாரென்றே தெரியாதவள் போலப் பெட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்தது நாகரிகக் கடை. கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கெல்லாம் சோறு கண்டிராத வயிறு. ஒன்றுக்காவது வயிறு வைக்கக் கூடாதா என்று மேனேஜரிடம் கேட்டேன். அந்த மாதிரி உடைகளைக் கேட்பவர்கள் இல்லை சார் என்றார். அப்போது என் பின்னாலிருந்து ஒரு குரல்: "போன மாசமும் நான் கேட்டேனே சார், நான் ஆளா தெரியலையா?"

திரும்பினால் உன்னைப் போலவே ஏழு மாதக்காரி. வங்கியில் வேலையாம். புருஷனின் சட்டைதான் போட்டிருந்தாள். வாம்மா, சேர்ந்தே தேடுவோம் என்று கூட்டிக்கொண்டேன். ஒரு சந்துக்குள் சின்னக் கடை இருப்பதாக யாரோ சொன்னார்களாம். தனியாகப் போகத்தான் தயங்கியிருக்கிறாள்.

அங்கே இருந்தது, மகளே. அடர்ந்த நீலம். தோள் நேராக நிற்கிறது. வயிற்றுக்கு மேலே பட்டையான இடுப்புப் பட்டி, பக்கவாட்டில் பிரித்துவிடும் மடிப்பு, இரண்டு பக்கமும் கை போகும் உண்மையான பை. கடைக்கார அம்மா தன் மருமகளுக்காக யோசித்துத் தைத்ததாம். இரண்டுதான் மிச்சம் இருந்தன.

முகம் பார்க்கும் கண்ணாடி கடையின் நடுவில் இருக்கிறது. எல்லோரும் பார்க்க அதன் முன் நிற்க வேண்டும். வங்கிப் பெண் உடையைக் கையில் வைத்துக்கொண்டு, "வேண்டாம் அங்கிள், இந்த வயித்தோட எனக்கு எது போட்டாலும் அசிங்கமாத்தான் இருக்கும்" என்றாள். போனில் நீ சொன்னாயே, அதே வார்த்தை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உனக்குக் கிடைக்காதது உடை மட்டுமில்லை என்று.

நான் என்ன செய்வேன்? நல்ல வார்த்தை சொல்லத் தெரியாது. லாரி ஓட்டியே வளர்த்த வயிறுதான் இருந்தது. நீ ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சாய்ந்து நின்று எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து, அப்படியே உங்கள் வயிறு என்று உன் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. உன் அளவும் பார்த்தாக வேண்டும். இன்னொரு நீல உடையை எடுத்துச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய் நின்று, பைக்குள் இரண்டு கையையும் விட்டேன்.

கடையே சிரித்தது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "முன்னாடி நல்லா உட்காருது, பின்னாடிதான் கொஞ்சம் லூஸு" என்றாள் கடைக்கார அம்மா. வங்கிப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள். முதலில் வயிற்றைப் பார்த்தாள். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டு தன் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த முகத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. உன் வீட்டுக் கண்ணாடியில் நீயே பார்த்துக்கொள்.

உடை இந்தப் பார்சலில் இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் போ. வயிறு தெரியுமே என்று கூசாதே. அந்த ஐந்து பேருக்கும் என்னைப் போல வயிறு இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வேலை கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் பாடு. வாசல் வரை போய் நீ திரும்பிவிட்டாய் என்று மட்டும் நான் கேட்கக் கூடாது.

இதை வைத்து நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே. பிரசவத்துக்கு அம்மாவை மட்டும் வரச் சொல்லியிருக்கிறாய். கூப்பிடாத இடத்துக்கு நான் போகிறவன் இல்லை. ஆனால் அவளுக்குத் தனியாக ரயில் மாறத் தெரியாது, பெட்டி தூக்கவும் முடியாது. யாராவது கூட வர வேண்டியிருக்கும். அது யார் என்று நீதான் எழுத வேண்டும். என் பெயருக்கு எழுது.

உடையின் கழுத்துப் பக்கம் என் தலை எண்ணெய் கொஞ்சம் பட்டிருக்கிறது. துவைத்து அனுப்பலாம் என்றாள் உன் அம்மா. நாள் போய்விடும் என்று நான்தான் விடவில்லை. துவைத்தால் போய்விடும். போகாவிட்டாலும் வெளியே தெரியாது, போட்டுக்கொண்டு போ.

நீயும் உள்ளே இருப்பதும் நிமிர்ந்து நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அப்பா